துணைக் கதிரையைக் கொண்டுவந்தவர்

கனகம்மாவைக் கண்டால் பாக்கியரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது வருடமாகப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த பொம்பிளை, கச்சேரிக் கிளார்க்கர் யோகலிங்கத்தின் மனைவி, வெள்ளி தவறாமல் கோணேசர் மலை ஏறுகிறவள். அவளுக்கு ஒரு இடியப்பக்காரியில் பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிட ஏலாது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதி மாதர் குறைகேள் சபை என்று ஒன்று இருந்ததே, அதைத் தொடங்கியவள் பாக்கியரத்தினம். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். தளத்துக் கப்பல் யாட்டில் வேலை செய்த ஆம்பிளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலர் கொழும்புக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமானார்கள். சிலர் வீட்டில் குந்தியிருந்து பெண்சாதிமாருக்குக் கைநீட்டப் பழகினார்கள். அடிவாங்கியவள் பொலிசுக்குப் போனால், "குடும்பத்துக்குள்ள பேசித் தீருங்கோ" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, ஆறு பெண்களைத் தேடிப் பிடித்து, தன்னோடு ஏழாக்கி, ஐம்பத்தெட்டில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட வகுப்பறையொன்றில் சபையைக் கூட்டியவள் அவள்தான். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வேண்டாம்.

சபைக்கு யாப்பும் அவள்தான் எழுதினாள். எழுதினாள் என்ன, புருசனின் கிளார்க்கர் சங்கத்து யாப்பைப் பார்த்துக் கொப்பியடித்தாள். அதில் ஒன்பதாம் விதி: செயலாளர் கூட்டக் குறிப்பு எழுதுவார், அவர் பிரேரணை கொண்டுவரவோ வழிமொழியவோ கூடாது. வாசித்துப் பார்க்க வலு கம்பீரமாக இருந்தது, அப்படியே இறக்கிவிட்டாள். பிறகு பார்த்தால் ஏழு பேரில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. "பாக்கியம்தான் செயலாளர்" என்று எல்லாரும் கைதட்டினார்கள். தன் கையாலேயே தன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள் மனுசி.

அவளிடம் பிரேரணை குவிந்து கிடந்தது. கொண்டுவர ஆள்தான் வேண்டும். வலப்பக்கக் கதிரையில் இருந்தவள் பாலையூற்றுக் கனகம்மா. புருசனுக்கு யாட் வேலை போன நாள் தொட்டு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். குரல் மட்டும் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரைக்குக் கேட்கும்.

"கனகமக்கா, நான் சொல்லித் தாறதை நீங்கள் எழும்பிச் சொல்லுங்கோ."

"சொல்லுறன். ஆனா எப்ப கையைத் தூக்கிறது? எனக்கு இந்தக் கூட்டப் பழக்கமெல்லாம் தெரியாது பிள்ளை."

"மேசைக்குக் கீழால நான் உங்கட காலை மிதிக்கிறன். மிதிச்ச உடன தூக்குங்கோ."

இதுதான் ஏற்பாடு. கூட்டத்துக்கு முதல் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்லிக் கொடுப்பாள். நேரம் வந்ததும் மிதிப்பாள். கனகம்மாவின் கை எழும்பும். பாக்கியரத்தினம் ஒன்றும் அறியாதவள் போலக் குனிந்து, "திருமதி கனகம்மா பிரேரித்தார்" என்று முத்து முத்தாக எழுதுவாள். முறைப்பாடு சொல்ல வந்த பெண்ணைப் பொலிஸ் வாசலில் நிற்க வைக்கக் கூடாதென்ற மனு அப்படித்தான் போனது. கிண்ணியாத் துறையடியில் பெண்கள் ஒதுங்கி நிற்க ஒரு கொட்டகை வந்ததும் அப்படித்தான். ஈச்சிலம்பற்றிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் முந்தி வந்து தங்க ஓர் அறை கிடைத்ததும் அப்படித்தான். யோசனை இவளுடையது, கை அவளுடையது, பெயரும் அவளுடையது.

முதல் இரண்டு வருடம் பாக்கியரத்தினம் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டு பேருமாகக் கிண்ணியாவுக்குப் போகத் துறையைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறினார்கள். பாதைக்காரன் கனகம்மாவைக் கண்டதும் சனத்தை விலக்கி முன்னுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். "இவதான் கொட்டகை போட்ட அம்மா" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொன்னான். பின்னால் மூட்டைகளுக்குள் நசுங்கிக்கொண்டு நின்ற பாக்கியரத்தினத்தைத் திரும்பிப் பார்த்து, "நீங்க அவவோட கூட வந்த ஆளா?" என்று கேட்டான்.

கூட வந்த ஆள்! கொட்டகைக்கு அளவு எழுதியவள், அதன் கூரைக் கிடுகுக்குக் கணக்குப் பார்த்தவள், ஒன்பது மனு எழுதி விரல் வீங்கியவள், கூட வந்த ஆளாம். அன்று வீட்டுக்கு வந்து அவள் சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகு கூட்டத்தில் காலை மிதிக்கும்போது தேவைக்கு அதிகமாகவே மிதித்தாள். கனகம்மா அதையும் கண்டுகொள்ளாமல் கையைத் தூக்கினாள்.

ஆனால் வயிற்றைப் பற்ற வைத்த நெருப்பு வேறு. அது அறுபத்து மூன்றில் நடந்தது.

குறிஞ்சாக்கேணியிலிருந்து றஹ்மா என்றொரு பிள்ளை வந்தது. பத்தொன்பது வயது. புருசன் வீட்டார் கைக்குழந்தையைப் பறித்து வைத்துக்கொண்டு அவளை வெளியே விட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பெண்கள் வரிசையாக இருக்க, இந்தப் பக்கம் அவள் தனியே நின்றாள். பாக்கியரத்தினம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் என்ன, ஊர் எது, முறைப்பாடு என்ன என்று முறைப்படி கேட்டாள். பிள்ளை முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டே நின்றது. அரை மணித்தியாலம் போனது. வாயே திறக்கவில்லை. "இப்பிடி நிண்டா நாங்கள் என்னத்தை எழுதுறது?" என்று பாக்கியரத்தினம் கொஞ்சம் சுள்ளென்றுதான் கேட்டாள்.

கனகம்மா எழும்பினாள். தன் கதிரையைத் தூக்கக்கூட இல்லை, கறகறவென்று இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போனாள். சுவரோரம் கிடந்த வாங்கை இழுத்துப் பிள்ளையை அதில் இருத்தி, தோளோடு தோள் முட்டப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள்.

"அவையளுக்குச் சொல்ல வேண்டாம் மகள். என்ர காதுக்குள்ள சொல்லு. நான் அவையளுக்குச் சொல்லுறன்."

பிள்ளை அழுதது. பிறகு சொன்னது. சொல்லி முடித்ததும் கனகம்மா கையைத் தூக்கினாள். யாரும் மிதிக்கவில்லை. மிதிப்பதென்றாலும் ஏலாது, அவள் மேசைக்கு அங்கால் அல்லவா இருந்தாள்.

"இனி ஆர் வந்தாலும் எங்களில ஒராள் இஞ்சால வந்து பக்கத்தில இருக்க வேணும். இருக்கிறவ அண்டைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, வந்த பிள்ளைக்காகக் கதைக்க மட்டுந்தான். இதுதான் என்ர பிரேரணை."

"இதுக்கு யாப்பில இடமில்ல" என்றாள் பாக்கியரத்தினம்.

"அப்ப இடம் போடு" என்றாள் கனகம்மா. மற்ற ஐந்து பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

துணைக் கதிரை என்று பெயர் வந்தது. அடுத்த கிழமையே ஏழு பேரும் குறிஞ்சாக்கேணிக்குப் போய்ப் பேசி, குழந்தையை வாங்கி றஹ்மாவின் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வாய் திறக்காத பெண்களெல்லாம் வந்து வாய் திறந்தார்கள். முல்லைத்தீவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் இடங்களிலும் கதிரை போட்டார்கள். சபை என்றால் கதிரை, கதிரை என்றால் சபை. பாக்கியரத்தினத்துக்கு எது எரிந்தது என்றால், அது நல்ல யோசனையாக இருந்ததுதான் எரிந்தது. தான் யோசித்த எல்லாவற்றையும்விட நல்ல யோசனை. படித்த தன் தலையில் வராமல் இடியப்பம் பிழிகிறவளின் தலையில் எப்படி வந்தது?

இப்படியே எழுபத்தொன்பது வந்தது. நகரசபை கூடி, சபையை இனி மாதர் குறைகேள் ஆணைக்குழு என்று ஏற்றுக்கொள்வதாகவும், நகர மண்டபத்தில் ஓர் அறையும் பெயர்ப்பலகையும் தருவதாகவும் முடிவெடுத்தது. திறப்பு விழாவில் சபையின் வரலாற்றை எழுதி வாசிக்க வேண்டும், அதைப் புத்தகமாகவும் அச்சடிப்பார்கள். யார் எழுதுவது?

"இதென்ன கேள்வி? பாக்கியந்தான்" என்றாள் கனகம்மா. "அவளின்ர எழுத்து அச்சை வெல்லும்."

பாக்கியரத்தினம் அலுமாரியைத் திறந்து குறிப்புப் புத்தகங்களை இறக்கினாள். எண்ணிப் பார்த்தாள். திருமதி கனகம்மா பிரேரித்தார், நாற்பத்தொரு தடவை. அத்தனையும் தன்னுடைய முத்து முத்தான கையெழுத்தில். தன் பெயர் எங்கே? ஒவ்வொரு பக்கத்து அடியிலும், செயலாளர் என்ற சொல்லுக்கு மேலே, ஒரு கீறல். உழுதவள் ஒருத்தி, சூடு மிதித்து நெல்லை அள்ளினவள் ஒருத்தி. நாளைக்குப் பேரப்பிள்ளைகள் புத்தகத்தை விரித்தால் கனகம்மா கனகம்மா என்றுதான் இருக்கும். இவள் எழுதப் பிடித்த கூலிக்காரி மாதிரி.

அப்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. அறுபத்தொன்று தொடக்கம் அறுபத்து நான்கு வரையான புத்தகத்தைக் காணவில்லை. காண எப்படி முடியும், அறுபத்து நான்கு மார்கழிச் சூறாவளி கூரையைக் கழற்றிக்கொண்டு போனபோது அது கஞ்சியாகக் கரைந்து போனதே! துணைக் கதிரைப் பிரேரணை அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. யார் கொண்டுவந்தார் என்று சொல்ல இன்றைக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அன்று இருந்த ஏழு பேரில் மூன்று பேர் செத்துப் போனார்கள், இரண்டு பேர் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டே பேர். றஹ்மாவும் அன்று இருந்தாள்தான், ஆனால் முக்காட்டுக்குள் முகம் புதைத்து அழுதவளுக்குப் பிரேரணை யார் கொண்டுவந்தார் என்று எங்கே தெரியப் போகிறது?

நாற்பத்தொன்றும் பாக்கியரத்தினத்துடையது, அதில் ஒன்றையும் அவள் தன்னுடையது என்று சொல்ல ஏலாது. ஒன்றே ஒன்று அவளுடையது இல்லை, அதை மட்டுந்தான் சொல்லலாம். பார்த்தீர்களா விதியின் கூத்தை!

எழுதியதைப் புருசன் வாங்கி வாசித்தார்.

"இஞ்சேரும், இதென்ன? 'துணைக் கதிரைப் பிரேரணையைச் சபைக்குக் கொண்டுவந்தவர் இன்று இம்மேடையிலேயே இருக்கிறார். தன் பெயரைத் தானே எழுத அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.' ஆர் இந்தக் கூச்சக்காரி?"

அவள் பேனாவை மூடி அலுமாரிக்குள் வைத்தாள்.

"அண்டைக்கு வீட்ட வந்து, படிக்காததுகள் யாப்பைக் குழப்புதுகள் எண்டு நீர் கத்தின கத்து எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது."

"நாப்பத்தொண்டு என்ர. நாப்பத்தொண்டையும் தூக்கிக் குடுத்தவள் ஒண்டை எடுத்தாக் களவோ?"

"அப்ப அந்த நாப்பத்தொண்டையும் உம்மட எண்டு எழுதுமன். உண்மைதானே?"

"எப்பிடி எழுதுறது? செயலாளர் இருபத்தொரு வருசம் மேசைக்குக் கீழால காலை மிதிச்சு விதியை மீறினவ எண்டோ? அதுவும் தானே எழுதின விதியை? ஊர் சிரிக்காதோ?"

யோகலிங்கம் கடதாசியை மடித்துக் கொடுத்துவிட்டு, "கனகம்மா வாயைத் திறந்தா என்ன செய்வீர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் விழா நாள் வரைக்கும் அவளை அரித்தது. ஆனால் ஆசை வெட்கமறியாது. கிண்ணியாச் சுபைதா ரீச்சர்தான் மேடை அறிவிப்பாளர். சபைக்கு வந்தது அறுபத்தேழில், பழைய கதை தெரியாது. அவளைத் தனியே பிடித்து, "ரீச்சர், நான் அந்த இடத்தில வாசிச்சு நிப்பாட்டுவன். நீங்கள், ஆர் அவ, கையைத் தூக்குங்கோ எண்டு கேளுங்கோ. றஹ்மாட்ட ஒரு மாலையைக் குடுத்து வையுங்கோ" என்றாள்.

"ஆரக்கா அவ?" என்று கேட்ட ரீச்சர், பாக்கியரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே சிரித்தாள். "சரி சரி, விளங்கிட்டு. அல்லாஹ்வே, ஒங்களுக்கு எவ்வளவு அடக்கம்!"

விழா காலை பத்து மணிக்கு. நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. துறையடிப் பெண்கள், பாலையூற்றுப் பெண்கள், கிண்ணியாவிலிருந்து முதல் பாதைக்கே புறப்பட்டு வந்தவர்கள் என்று கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் றஹ்மா, பக்கத்தில் அன்று பறிகொடுத்த குழந்தை, இப்போது மீசை அரும்பிய பதினாறு வயதுப் பெடியன். மேடையில் நீட்டு மேசை, நிலம் முட்ட வெள்ளைத் துணி விரித்திருந்தது. வழக்கம் போலவே பாக்கியரத்தினத்துக்கு வலப்பக்கத்தில் கனகம்மா. வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது, கால் வீக்கத்துக்குச் செருப்பைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தாள்.

பாக்கியரத்தினம் இருந்தபடியே ஒலிவாங்கியை இழுத்து வாசித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் கனகம்மாவின் பெயரை வழித்துத் துடைத்து எடுத்திருந்தாள். "சபை கிண்ணியாத் துறையடியில் கொட்டகை அமைத்தது" என்று வாசித்தாள். சனத்துக்குள் இருந்து ஒரு குரல், "கனகமக்கா!" என்றது. "சபை தங்குமறை ஒன்றைப் பெற்றுத் தந்தது" என்றாள். நாலு குரல், "கனகமக்கா!" இவள் பெயரை விட்டு விட்டு வாசிக்க, விட்ட இடத்தையெல்லாம் அவர்கள் அந்தப் பெயரால் நிரப்பினார்கள். கனகம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாக்கியரத்தினமோ, பொறுங்கோ, பொறுங்கோ, வருகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேகமாக வாசித்தாள்.

கதிரை வந்தது. "...தன் பெயரைத் தானே எழுத அவருக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று நிறுத்தினாள்.

சுபைதா ரீச்சர் சொன்னபடியே ஒலிவாங்கியைப் பிடித்தாள். "ஆர் அவ? மேடையில இருக்கிற அந்தத் தாய் ஆரு? கையைத் தூக்குங்க, பாப்பம்!"

மண்டபம் அடங்கியது. றஹ்மா மாலையோடு எழும்பிவிட்டாள். பாக்கியரத்தினம் கையை மடியிலிருந்து எடுத்தாள். எடுத்த அதே நேரம் பக்கத்தில் கனகம்மா அசைந்தாள். முன்னுக்குச் சரிந்து, ஒலிவாங்கிப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், வாயைத் திறந்தாள்.

போச்சு! சொல்லப் போகிறாள். இத்தனை சனத்துக்கு முன்னால், நான்தான் என்று சொல்லப் போகிறாள். பாக்கியரத்தினம் அங்குமிங்கும் பார்த்தாள். வாயைப் பொத்த ஏலாது, கையைப் பிடிக்க ஏலாது, எல்லாரும் பார்க்கிறார்கள். மேசைக்குக் கீழே மட்டுந்தான் யாரும் பார்க்கவில்லை. சும்மா இரு என்று, அவளின் வெறுங்காலில் தன் புதுச் செருப்பின் குதியால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

கனகம்மாவின் கை எழும்பியது.

அவள் தூக்கவில்லை, கை தானாகப் போனது. இருபத்தொரு வருடப் பழக்கம், மிதித்தால் தூக்கும். வலது கை, விரல்கள் விரிந்து, மேடை விளக்கைத் தொடுகிற மாதிரி நிமிர்ந்து நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பாக்கியரத்தினம் தன் காலால் கெட்டாள்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். றஹ்மா ஓடி வந்து மாலையைப் போட்டுக் கனகம்மாவைக் கட்டிப் பிடித்தாள். சுபைதா ரீச்சர் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒலிவாங்கியைக் கனகம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றாள் கனகம்மா. "நீங்கள் கனகமக்கா, கனகமக்கா எண்டு கூப்பிட்டதெல்லாம் பாக்கியத்தின்ர வேலை. கொட்டகை, அறை, மனு, எல்லாம் அவள்தான் யோசிச்சுத் தந்தவள். நான் அவள் சொன்னதைச் சொல்லிக் கையைத் தூக்கினனான், அவ்வளவுதான். இந்தக் கதிரை ஒண்டுதான் என்ர."

நாற்பத்தொன்றையும் பாக்கியரத்தினத்துக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஊரறிய. அவள் சனத்தைப் பார்த்தாள். சனம் சிரித்தது. "பாருங்கோ, எவ்வளவு பணிவு!" என்று முன்வரிசையில் ஒரு மனுசி கண்ணைத் துடைத்தாள். "தன்ர எல்லாத்தையும் மற்ற ஆளுக்குக் குடுக்குதே, இந்த மனம் ஆருக்கு வரும்?" என்றாள் இன்னொருத்தி. கைதட்டல் இரண்டு மடங்கானது. ஒருவர்கூட நம்பவில்லை. பனையால் விழுந்தவளை மாடேறி மிதித்த கதையாகிவிட்டது.

கனகம்மா வந்து இருந்தாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குனிந்து கால் பெருவிரலைத் தடவினாள். பிறகு பாக்கியரத்தினத்தின் காதுக்குள், அன்று அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொன்ன அதே தணிந்த குரலில் சொன்னாள்.

"நீ எழுதியிருந்த விதத்தைக் கேட்டன். உனக்கு அந்தக் கதிரையில ஆசை எண்டு விளங்கிச்சு. அது உன்ர எண்டு சொல்லுவமெண்டுதான் வாயெடுத்தனான். 'பாக்கியம்' எண்டது தொண்டைக்க வந்திட்டுது. அதுக்குள்ள நீ மிதிச்சுப் போட்டாய்."

பாக்கியரத்தினம் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீ மிதிக்காமல் நான் தூக்கின கை அது ஒண்டுதான். அதுக்கு உனக்கு என்னில கோவம் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்கு நீயே மிதிச்சு, எல்லாருக்கும் முன்னால எனக்கே தந்திட்டாய்." அவள் கண் கலங்கியிருந்தது. "பெரிய மனசடி உனக்கு."

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன சொல்வது? உன் வாயை அடைக்கத்தான் மிதித்தேன் என்றா?

"ஓம்" என்றாள் பாக்கியரத்தினம்.

அன்றோடு பொறாமை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்குத்தான் அது முழுசாக முற்றியது. அதுவரை கனகம்மாவிடம் இருந்த பெயரைக் கண்டு எரிந்தாள். அன்று தொடக்கம், அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டவளுக்கே அதை எடுத்துக் கொடுக்க வாய் திறந்த மனத்தைக் கண்டு எரிந்தாள். அதைத் தன்னால் எந்த யாப்பிலிருந்தும் கொப்பியடிக்க ஏலாது என்பது அவளுக்குத் தெரியும்.

புத்தகம் அச்சுக்குப் போக முதல் அந்த இடத்தில் பெயர் எழுத வேண்டியிருந்தது. அவள்தான் எழுதினாள். நாற்பத்திரண்டாம் தடவையாக, முத்து முத்தாக, "திருமதி கனகம்மா பிரேரித்தார்" என்று எழுதிக் கீழே செயலாளர் என்று கையெழுத்து வைத்தாள்.